கால்வாயில் எகிறிக் குதிக்கும் அந்த மீன்

சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் பூங்காவில் சுங்கை அப்பி அப்பி ஆற்றின் மேல் இருக்கிற பாலத்தில் நின்று கீழே பார்த்தவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி இது. வெள்ளி நிறத்தில் ஒரு கூட்டம், எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு, எல்லாம் ஓட்டத்துக்கு எதிராகத் தலையை வைத்துக்கொண்டு நிற்கும், சும்மா நின்றுகொண்டிருக்கும்போதே அதில் ஒன்று தண்ணீரை விட்டு எகிறிப் பக்கவாட்டில் தொப்பென்று விழும். அது என்ன மீன்? எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் இந்த வீடியோவை அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். ஒருவர் கெண்டை என்பார், ஒருவர் பால்மீன் என்பார், சின்ன மாமா "குதிக்குதுன்னா சால்மன்தான்" என்று அடித்துச் சொல்வார்.

மடவை. சிங்கப்பூரின் உப்புநீர் ஏறும் கால்வாய்களில், கழிமுகங்களில், கடலோரத்தில் கூட்டமாகத் திரிந்து இப்படிக் குதிக்கிற மீன் என்றால் பெரும்பாலும் மடவைதான். மலாய்க்காரர்கள் பெலானாக் என்பார்கள். இந்த மீனை எனக்கு ரொம்பப் பிடிக்கும், இதைப் பற்றித் தமிழில் கொஞ்சம் விரிவாக எழுதவேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன், அதனால் இந்தப் பதிவு நீளமாகத்தான் இருக்கும்.

மீனை அடையாளம் காண வேண்டுமென்றால் எல்லோரும் முதலில் நிறத்துக்குப் போகிறார்கள். தட்டில் வைத்த மீனுக்கு அது சரி. பாலத்தின் மேலிருந்து பார்க்கிற மீனுக்கு அது உதவாது, ஏனென்றால் திறந்த நீரில் திரியும் மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு முதுகு கருத்தும் வயிறு வெளுத்தும்தான் இருக்கும், மேலே இருந்து பார்க்கிற நமக்கும் நாரைக்கும் தெரிவது அந்தப் பச்சை கலந்த சாம்பல் முதுகு மட்டுமே. சேற்றுத் தண்ணீரில் அதுவும் பாதிதான் தெரியும். ஆனால் அந்த மீன் என்ன செய்கிறது என்று கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்தால் பெயர் தானாக வந்துவிடும். என் அனுபவத்தில் மடவையைக் காட்டிக்கொடுப்பது அதன் பழக்கம்தான், நிறம் அப்புறம்.

மற்ற மீன்களை முதலில் ஒதுக்கிவிடலாம். அதே கால்வாய்களில் திலாப்பியா உண்டு, நம் ஊரில் ஜிலேபி கெண்டை என்போமே அது. உடம்பு பக்கவாட்டில் அகலமாக இருக்கும், முதுகில் முன்னாலிருந்து வால் பக்கம் வரைக்கும் ஒரே நீண்ட துடுப்பு. ஆழமில்லாத சேற்றில் வட்டமான குழியைப் பறித்து வைத்துக்கொண்டு பக்கத்தில் வருகிற மீனையெல்லாம் ஒன்று விரட்டுகிறது என்றால் அது ஆண் திலாப்பியா, சந்தேகமே வேண்டாம். ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் ஜாவாவிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்ட மீன் அது. நீர்ப்பரப்பை ஒட்டிக் குச்சி போல நீளமாக மிதந்து, கீழ்த்தாடை மட்டும் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் முரல். சதுப்புநில மரங்களின் வேர்ப் பக்கம் மிதந்து, முதுகில் கறுப்புத் திட்டுகளோடு, இலைமேல் உட்கார்ந்த பூச்சியைத் தண்ணீர் பீய்ச்சி வீழ்த்துவது ஆர்ச்சர் மீன். பால்மீன் மட்டும் தூரத்தில் இருந்து பார்த்தால் கொஞ்சம் குழப்பும். அதுவும் வெள்ளி, அதுவும் கூட்டம். ஆனால் அதற்கு முதுகில் ஒரே ஒரு துடுப்பு, வால் ஆழமாகப் பிளந்து இரண்டு கூர்முனையாக இருக்கும்.

மடவைக்கு முதுகில் இரண்டு துடுப்புகள், சின்னதாக, ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளி விட்டு. முதல் துடுப்பில் நான்கே நான்கு முட்கள். மடவைக் குடும்பத்தில் எழுபதுக்கு மேற்பட்ட இனங்கள் உலகம் முழுக்க இருக்கின்றன, எதை எடுத்தாலும் இந்த நான்கு முள் கணக்கு சரியாக வரும். தலை மேலே தட்டையாகவும் அகலமாகவும் இருக்கும், வாய் சின்னது, மூக்கு மழுங்கல். மார்புத் துடுப்பு மற்ற மீன்களைவிடக் கொஞ்சம் உயரத்தில், செவுள் மூடிக்குப் பின்னால் மேல்பக்கமாக ஒட்டியிருக்கும். இன்னொன்று, கொடுவா, சங்கரா போன்ற மீன்களுக்கு உடம்பின் நடுவே செவுளிலிருந்து வால்வரை ஒரு கோடு ஓடுமே, மடவைக்கு அந்தக் கோடு கிடையாது. செதில் பெரிது, வரிசை வரிசையாக இருக்கும், சில இனங்களில் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு மங்கலான கருங்கோடு தெரியும்.

சரி, பழக்கத்துக்கு வருவோம்.

தண்ணீர் ஏறத் தொடங்கும் நேரத்தில் பாலத்துக்குப் போங்கள். வற்றிக் கிடந்த சேற்றுத்திட்டின்மேல் முதல் தண்ணீர் ஏறி, நம் கணுக்கால் அளவுகூட வந்திருக்காது, அதற்குள் மடவை வந்துவிடும். முதுகுத் துடுப்பு வெளியே தெரிய அந்த மெல்லிய தண்ணீரில் கூட்டமாக நெளிந்து நெளிந்து முன்னேறும். அவ்வளவு அவசரம் எதற்கு என்றால், சேறு வெயிலில் கிடந்த நேரத்தில் அதன் மேற்பரப்பில் டயாட்டம் என்கிற கண்ணுக்குத் தெரியாத பாசி பழுப்புநிறப் படலமாகப் பெருகியிருக்கும். மடவைக்கு அதுதான் சாப்பாடு. பாசி, மக்கிப்போன இலைத்துகள், அவற்றில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள், இடையில் அகப்படும் சின்னப் புழுக்கள். மீன் தலையைக் கீழே சாய்த்து, உதட்டைச் சேற்றில் பதித்து, மேல்தோலை மட்டும் உறிஞ்சி எடுக்கும். அப்புறம் வாயை மென்று, வேண்டாத மணலைச் செவுள் வழியாகவும் வாய் வழியாகவும் சின்னப் புகை மாதிரி வெளியே விடும். தெளிந்த தண்ணீரில் இதை நன்றாகப் பார்க்கலாம்.

கான்கிரீட் கரை உள்ள கால்வாயில் இது இன்னும் அழகு. சரிவான சுவரில் பச்சையும் பழுப்புமாகப் பாசி படிந்திருக்கும். மீன் சுவருக்குப் பக்கத்தில் வந்து, உடம்பை ஒருக்களித்து, உதட்டால் ஒரு விரல் நீளத்துக்கு உழும். உடம்பு ஒருக்களிக்கிற அந்த ஒரு கணம் வெள்ளி வயிறு பளிச்சென்று மின்னும், அடுத்த மீன், அதற்கடுத்தது என்று கூட்டம் முழுக்க அங்கங்கே மின்னிக்கொண்டே போகும். மேலே நின்று பார்க்கிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவதே இந்த மின்னல்தான். தண்ணீர் வற்றிய பிறகு அதே சுவரைப் போய்ப் பாருங்கள், பாசிப் படலத்தில் வெளிறிய குட்டைக் கோடுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும், ஒவ்வொன்றும் ஓர் உதட்டின் தடம். மீனையே பார்க்காமல் இந்தத் தடத்தை மட்டும் வைத்து இங்கே மடவை மேய்கிறது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம்.

இப்படிச் சேற்றைத் தின்று எப்படி உடம்பு வளர்கிறது? வயிற்றுக்குள்தான் விஷயம் இருக்கிறது. கோழிக்கு இரையை அரைக்க ஒரு தடித்த தசைப்பை உண்டு, சில ஊர்களில் கந்தனக்காய் என்பார்கள், மடவையின் இரைப்பையிலும் அப்படி ஒரு கெட்டியான தசைப்பகுதி இருக்கிறது. விழுங்கிய மணல் அங்கே அரைக்கும் கல்லாக வேலை செய்து டயாட்டத்தின் கெட்டியான மேலோட்டை உடைத்துக் கொடுக்கும். அதன்பின் குடல், அது மீனின் நீளத்தைப் போலப் பல மடங்கு, சுருட்டிச் சுருட்டி வைத்திருக்கும். மீனைச் சுத்தம் செய்கிறவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். தின்பது சத்துக் குறைந்த பொருள் என்பதால் அதிலிருந்து கிடைப்பதையெல்லாம் எடுத்துக்கொள்ள அவ்வளவு நீளம் தேவைப்படுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே மடவைமேல் எனக்கு மதிப்பு அதிகம். மற்ற பெரிய மீன்களில் பல மீனைத் தின்று மீனாகின்றன, இது சேற்றையும் உதிர்ந்த இலையையும் நேரடியாக மீனாக மாற்றுகிறது. கழிமுகத்தில் மேலே இருக்கிற பல உயிர்கள் ஏதோ ஒரு வகையில் இதன் உழைப்பில் வாழ்கின்றன.

அடுத்து, எல்லோரும் கேட்கிற குதிப்பு.

இதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகவேண்டும். ஒன்று தப்பிக்கும் குதிப்பு. கீழே கொடுவாவோ நீர்நாயோ வந்தால் பல மீன்கள் ஒரே நேரத்தில், கிட்டத்தட்ட ஒரே பக்கமாக, வேகமாக எகிறும், தலை முன்னால் இருக்க நேராகத் தண்ணீருக்குள் செருகும், விழுந்தவுடன் ஓட்டம்தான். இன்னொன்று, ஒரே ஒரு மீன், பக்கத்தில் எந்த ஆபத்தும் இல்லாமல், நிதானமாக எழும்பி, சில சமயம் பக்கவாட்டிலும் சில சமயம் மல்லாந்தும் விழுவது. அதே மீன் கொஞ்சம் தள்ளி மறுபடியும் குதிக்கும். தொப்பென்று சத்தம் கேட்பது இந்த வகையில்தான்.

இந்த இரண்டாவது குதிப்புக்கு என்ன காரணம் என்பதில் பல கருத்துகள் இருக்கின்றன. ஒட்டுண்ணிகளை உதறுவதற்கு என்கிறவர்கள் உண்டு. எனக்குப் பிடித்த விளக்கம் 1985இல் ஹோஸ் என்ற ஆய்வாளர் எழுதியது. மடவைக்குத் தொண்டையின் மேல்பக்கம் ஒரு சிறிய அறை இருக்கிறது, குதிக்கும்போது அதில் காற்றை நிரப்பிக்கொண்டு கீழே போகிறது, ஆக்சிஜன் குறைந்த அடிச்சேற்றில் மேயும்போது அந்தக் காற்று கைகொடுக்கிறது என்பது அவருடைய கருத்து. தண்ணீரில் ஆக்சிஜன் குறையும்போது குதிப்பு கூடுகிறது என்பதும் அதோடு பொருந்தி வருகிறது. இதுதான் ஒரே காரணம் என்று யாரும் முடிவு கட்டிவிடவில்லை. ஆனால் நம் ஊர்த் தண்ணீரை நினைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஏற்கெனவே ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், இரவெல்லாம் பாசியும் மற்ற உயிர்களும் அதை மூச்சாக இழுத்துக்கொண்டே இருக்கும், வெளிச்சம் இல்லாததால் புதிதாக உண்டாகாது, ஆகவே விடியும் நேரத்தில் அளவு மிகக் கீழே போய்விடும். காற்று வீசாத, தண்ணீர் அசையாத அப்படிப்பட்ட விடியற்காலையில் மடவைகள் வாயை நீர்ப்பரப்பில் வைத்துக்கொண்டு வரிசையாக நிற்பதையும் பார்க்கலாம். மேல்மட்டத் தண்ணீரில் காற்று படுவதால் அங்கே கொஞ்சமாவது ஆக்சிஜன் இருக்கும்.

இங்கே ஒரு நுணுக்கம். மடவை நீர்ப்பரப்பில் வாயை வைப்பதெல்லாம் மூச்சுக்காகத்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நுரையும் பாசித்துணுக்கும் மகரந்தமும் மிதக்கிற இடத்தில் வாயைத் திறந்தபடி நீந்தி அதை மேய்வதும் அதன் பழக்கம். மேய்கிற கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும், திரும்பும், கலையும், மறுபடி சேரும். மூச்சுக்குத் தவிக்கிற கூட்டம் அதிகம் நகராது, நிழல் பட்டால்கூடச் சட்டென்று விலகாது. இரண்டாவதைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். 2015 தொடக்கத்தில் கிழக்கு ஜோகூர் நீரிணையில் பாசி பெருகி, பண்ணை மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து, பாசிர் ரிஸ் கரையில் மீன்கள் ஒதுங்கிக் கிடந்தது இந்தப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு மறந்திருக்காது. அந்த நீரிணை ஏற்கெனவே குறுகலானது, 1924இல் திறக்கப்பட்ட ஜோகூர் பாலம் குறுக்கே தடுப்பாக நிற்பதால் தண்ணீர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கழுவிக்கொண்டு போவதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் மடவை எப்படி நிற்கிறது, எவ்வளவு குதிக்கிறது என்பதைக் கவனிப்பது தண்ணீரின் நிலைமையைக் கவனிப்பதும்தான்.

மடவை என்று தெரிந்துவிட்டது, எந்த மடவை? இங்கேதான் கஷ்டம். இந்தக் குடும்பத்து மீன்கள் எல்லாம் வெளித்தோற்றத்தில் ஒன்றையொன்று ஒத்திருக்கும், ஆய்வாளர்களே பல சமயம் மரபணுவைப் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள், அதனால் அறிவியல் பெயர்களும் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. பழைய புத்தகத்தில் லைசா என்று இருப்பது புதியதில் பிளானிலைசா என்று இருக்கும், வலாமூகில் என்று இருந்தது கிரெனிமூகில் ஆகிவிட்டது. ஆகவே இரண்டு புத்தகத்தில் இரண்டு பெயர் பார்த்தால் இரண்டு மீன் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒன்றே ஒன்றைப் பாலத்திலிருந்தே சொல்லிவிடலாம், எனக்கு மிகப் பிடித்தது அது. சதுரவால் மடவை, அறிவியல் பெயர் எல்லோகெலோன் வைகியென்சிஸ், இந்தோனேசியாவின் வைகியோ தீவை வைத்து வந்த பெயர். இதன் குஞ்சுகளுக்கு மார்புத் துடுப்பு இரண்டும் கன்னங்கரேலென்று இருக்கும், வால் மஞ்சள். மேலிருந்து பார்த்தால் வெளிறிய உடம்பின் இரு பக்கமும் இரண்டு கறுப்புப் புள்ளிகள் படபடத்துக்கொண்டே போவது தெரியும். வளர்ந்ததும் வால் பின்விளிம்பு கிட்டத்தட்ட நேராக வெட்டியதுபோல இருக்கும், மற்ற மடவைகளுக்கு அங்கே பிளவு இருக்கும். சாங்கி, பாசிர் ரிஸ் கரைகளில் முட்டளவுத் தண்ணீரில் இந்தக் குஞ்சுகளைத் தேடிப் பாருங்கள்.

மற்றவற்றுக்கு மீன் கையில் இருந்தால்தான் முடியும். பச்சைமுதுகு மடவை என்று ஒன்று, பிளானிலைசா சப்விரிடிஸ், முதுகில் பச்சைச் சாயல் இருக்கும், கண்ணை மூடிய கண்ணாடி போன்ற கொழுப்பு இமை நன்றாக வளர்ந்திருக்கும், விரலால் தடவினால் வழுவழுவென்று தெரியும். நீலப்புள்ளி மடவைக்கு மார்புத் துடுப்பின் அடியில் மேல்பக்கமாக ஒரு நீலக்கருமைப் புள்ளி. உலகமெங்கும் பேர்போனது சாம்பல் மடவை, அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758இல் மூகில் செபாலஸ் என்று பெயர் வைத்தது, அதன் சினையைத்தான் தைவானிலும் ஜப்பானிலும் இத்தாலியிலும் உப்பிட்டுக் காயவைத்து அவ்வளவு விலைக்கு விற்கிறார்கள். அதையும் ஒரே இனம் என்று சொல்ல முடியாது, தோற்றம் ஒன்றாக இருந்தாலும் பல தனி வம்சங்கள் அதற்குள் ஒளிந்திருக்கின்றன என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன.

கூட்டமாக ஏன் திரிகிறது என்பதற்குப் பெரிய விளக்கம் வேண்டாம். தின்னப் பார்க்கிறவர்கள் அதிகம். கூட்டத்துக்குள் ஒன்றைக் குறிவைப்பது வேட்டையாடும் மீனுக்கும் பறவைக்கும் கடினம், அதிலும் எல்லாம் ஒரே அளவாக இருந்தால் இன்னும் கடினம். அதனால்தான் விரல் நீளக் குஞ்சுகள் ஒரு கூட்டம், முழங்கை நீள மீன்கள் இன்னொரு கூட்டம் என்று அளவுவாரியாகச் சேரும். அளவு ஒத்துப்போனால் வேறு இன மடவையும் உள்ளே இருக்கும், ஆகவே ஒரு மீனின் பெயரைச் சொல்லிவிட்டால் கூட்டம் முழுக்க அதே இனம் என்று எழுதிவிடக் கூடாது.

முட்டை இடுவது கடலில். வளர்ந்த மீன்கள் கழிமுகத்தை விட்டு வெளியே போய், லட்சக்கணக்கில் மிதக்கும் முட்டைகளை விடும். குஞ்சுகள் இரண்டு சென்டிமீட்டர் அளவு வந்ததும் கரையைத் தேடி வந்து கழிமுகங்களுக்குள் நுழையும். அந்த வயதில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்னும், கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் சேற்றுக்கு மாறும். நன்னீர் முதல் கடலைவிட உப்பான நீர்வரை தாங்கக்கூடிய உடம்பு இவற்றுக்கு. ஆனாலும் வளர்ப்புக்குளத்தில் முட்டையிட வைப்பது சுலபமாக இல்லை, மடவை வளர்ப்பு பெரிய தொழிலாக இருக்கும் எகிப்திலேயே பெரும்பாலும் கரையோரத்தில் பிடித்த குஞ்சுகளைத்தான் குளத்தில் விடுகிறார்கள். ஆகவே நம் கரையோரச் சதுப்புநிலங்களுக்கும் ஆழமில்லாத மணல்திட்டுகளுக்கும் இந்த மீன் விஷயத்தில் மாற்று கிடையாது. அவற்றைத் தூர்த்துவிட்டு வேறெங்கோ குஞ்சு பொரிக்கவைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சை நான் ஒப்புக்கொள்வதில்லை.

யார் யார் தின்கிறார்கள் என்று பார்க்க ஆசைப்பட்டால் சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்துக்குப் போங்கள். அங்கே பெரிய பாலத்தில் நின்றால் போதும், கீழே மடவைக் கூட்டம், மதகுப் பக்கம் சாம்பல் நாரை அசையாமல் நிற்கும், மேலே வெண்வயிற்றுக் கடற்கழுகு, குளிர்கால மாதங்களில் விராலடிப்பான் என்கிற மீன்பிடிக் கழுகு. அதிர்ஷ்டம் இருந்தால் முதலை. 1998இல் நீர்நாய்கள் சிங்கப்பூருக்குத் திரும்பி வந்து குடியேறியதும் இதே சுங்கை பூலோவில்தான், இன்று ஊர் முழுக்கக் கால்வாய்களில் அவை திரிகின்றன, அவை பிடித்துக் கடிக்கிற வெள்ளி மீன் பல நேரம் மடவைதான். நீர்நாய்க் குடும்பம் ஒன்று கால்வாயை அடைத்துக்கொண்டு வரிசையாக வரும்போது முன்னால் மடவைகள் மழைபோல் எகிறுவதை ஒரு தடவை பார்த்தால், நான் மேலே சொன்ன தப்பிக்கும் குதிப்பு எது, மற்றது எது என்று பிறகு குழப்பமே வராது. வலைக்கும் மடவை இதையேதான் செய்யும். சுற்றி வளைத்தால் மேல்விளிம்பைத் தாண்டிக் குதித்துவிடும், அதனால் பல நாட்டுக் கழிமுகங்களில் வலைக்கு வெளியே நீர்ப்பரப்பில் படுக்கையாக இன்னொரு வலையை விரித்து, குதிப்பதை அதில் ஏந்திக்கொள்கிறார்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். கால்வாயில் தூண்டில் போடாதீர்கள், அனுமதித்த இடங்களில் மட்டுமே போடலாம். தூண்டிலில் மடவை சுலபமாக மாட்டவும் மாட்டாது, வாய் சின்னது, தின்பது சேறு, ரொட்டியை உருட்டிப் போட்டுப் பொறுமையாக உட்காருகிறவர்களுக்குத்தான் கிடைக்கும். தேக்கா ஈரச்சந்தையில் சில நாள் கிடைக்கும். நான் வழக்கமாக வாங்குகிற கடைக்கார அண்ணன் ஒவ்வொரு தடவையும் சொல்வார், "வயித்துக்குள்ள கறுப்புத் தோல் இருக்கும் பாரும்மா, அதை விட்டுட்டா குழம்பு மண்ணாத்தான் மணக்கும்." வயிற்றின் உள்சுவரை ஒட்டிய அந்தக் கறுப்புச் சவ்வைக் கத்தியின் பின்பக்கத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, கல்லுப்பும் புளித்தண்ணீரும் போட்டு நன்றாக அலசினால் போதும். பழவேற்காட்டுப் பக்கத்து ஆட்கள் மடவைக் குழம்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டார்கள். இங்கே தியோச்சியூ சீனர்கள் மடவையைச் செதிலோடு உப்புநீரில் வேகவைத்து ஆறவைத்துச் சாப்பிடுவார்கள், ஒரு தடவை சாப்பிட்டுப் பாருங்கள், மீன் புதிதாக இருந்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரும், சதை இனிக்கும்.

வாங்கின மீனைக் குழம்பில் போடுவதற்கு முன் ஒரு நிமிஷம் ஒதுக்குங்கள். மார்புத் துடுப்பைத் தூக்கி, அது உடம்போடு சேருகிற இடத்துக்கு மேலே பாருங்கள். நீளமாக, கூராக ஒரு தனிச் செதில் அங்கே துருத்திக்கொண்டிருந்தால் நீலப்புள்ளி மடவையின் வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம், இல்லாமலோ மிகச் சின்னதாகவோ இருந்தால் பச்சைமுதுகு போன்ற பிளானிலைசா வகை. வாலைப் பாருங்கள், நேர்வெட்டா பிளவா. கண்மேல் கொழுப்பு இமை எவ்வளவு தூரம் மூடியிருக்கிறது என்று பாருங்கள். அப்படியே மார்புத் துடுப்பை முன்னால் மடித்துக் கண்வரை எட்டுகிறதா என்றும் பாருங்கள், அதையும் ஆய்வாளர்கள் குறித்துக்கொள்வார்கள்.

கால்வாயில் பார்க்கப் போகிறவர்கள் நீரேற்ற அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பெரிய ஏற்றத்தில் இங்கே மட்டம் 3 மீட்டர் அளவுக்குக்கூட உயரும், வற்றம் முடிந்து தண்ணீர் திரும்பி ஏறத் தொடங்கும் முதல் ஒரு மணி நேரம்தான் மேய்ச்சலைப் பார்க்க நல்ல நேரம். வெயில் முதுகுப் பக்கம் இருக்கட்டும், போலராய்டு கண்ணாடி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், நீர்ப்பரப்பின் பளபளப்பு போய் உள்ளே தெரியும். பாலத்தின் கைப்பிடியில் நிழல் விழாத பக்கமாக நில்லுங்கள், கையை வீசினால் கூட்டம் கலைந்துவிடும். படம் எடுத்தால் ஒரு மீனைப் பெரிதாக்கி எடுப்பதோடு நிறுத்தாமல், கூட்டம் மேய்வதை அரை நிமிஷமாவது வீடியோ எடுத்து அனுப்புங்கள், வால் நிறமும் மார்புத் துடுப்பின் நிறமும் அதில் தெரிந்துவிட்டால் என்ன மடவை என்று பார்த்துச் சொல்கிறேன்.